பானையும் பகடையும்

ஆகஸ்ட் மாதம் பிறந்து ஓரிரு வாரங்களில், நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் எங்கள் அடுத்த வீட்டில் வசிக்கும் பெரியவர், தம் ஃபிரிட்ஜின் கதவில் காந்தத்தால் ஒட்டிவைத்திருக்கும் போட்டி அட்டவணையைக் கழற்றிச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணி அந்த ஆண்டு ஆடவிருக்கும் பன்னிரண்டு போட்டிகளும் அதில் கட்டம் கட்டமாக அச்சிடப்பட்டிருக்கும். அவர் பேனாக்கத்தியால் பென்சிலைச் சீவி, நெற்றியில் ஏற்றிவைத்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி, முதல் கட்டத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றிலும் வெற்றி என்றால் ‘டபிள்யூ’ என்றும் தோல்வி என்றால் ‘எல்’ என்றும் எழுதிக்கொண்டே போவார். கடைசிக் கட்டம் அண்டை மாநிலமான அயோவாவின் அணி. அங்கே மட்டும் பென்சில் சற்று நேரம் தாளைத் தொடாமல் நிற்கும். பிறகு அதிலும் ‘டபிள்யூ’ விழும். கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி.

அந்த ஒன்பது எங்கிருந்து வருகிறது என்பதை நான் புரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. 1969 முதல் 2001 வரை தொடர்ந்து 33 பருவங்கள் நெப்ராஸ்கா ஒன்பது வெற்றிகளுக்குக் குறையாமல் ஆடியிருக்கிறது. 1973 முதல் 1997 வரை பயிற்சியாளராக இருந்த டாம் ஆஸ்போர்ன் ஓராண்டுகூட ஒன்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. கடைசி நான்கு ஆண்டுகளில் மூன்று தேசியப் பட்டங்கள் பெற்றுத் தந்துவிட்டு ஓய்வு பெற்றார். பெரியவரின் இளமையும் நடுவயதும் அந்த 33 ஆண்டுகளுக்குள் அடங்கியவை. ஒருவர் வாழ்வின் பெரும்பகுதியில் சூரியன் கிழக்கே உதித்ததுபோல் நடந்துவந்த ஒன்றை அவர் எப்படி எதிர்பாராமல் இருப்பார்? நானோ நெப்ராஸ்காவின் வறண்ட காலத்தில் இந்த ஊருக்குக் குடிவந்தவன். 2017 முதல் 2023 வரை ஏழு பருவங்களில் இந்த அணி, பருவ முடிவுச் சிறப்புப் போட்டியான பௌலுக்குத் தகுதி பெற வேண்டிய ஆறு வெற்றிகளைக்கூட எட்டவில்லை. அப்படியிருந்தும் 1962 நவம்பரிலிருந்து இன்றுவரை மெமோரியல் ஸ்டேடியத்தில் ஒரு போட்டிக்குக்கூட நுழைவுச்சீட்டு மிஞ்சியதில்லை. போட்டி நடக்கும் சனிக்கிழமையில் அந்த மைதானம்தான் மாநிலத்தின் மூன்றாவது பெரிய நகரம் என்று இவ்வூரார் சொல்வது வெறும் பெருமைப் பேச்சல்ல. தலைகளை எண்ணினால் கணக்குச் சரியாகவே வரும்.

கால்பந்து என்று இங்கே நான் எழுதுவதெல்லாம் முட்டை வடிவப் பந்தை எறிந்தும் சுமந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டத்தையே குறிக்கும். அதைப் பார்க்கத் தொடங்கிய இரண்டாம் ஆண்டிலேயே எனக்கு இந்த ஆகஸ்ட் கணக்கின் மீது பற்று உண்டாகிவிட்டது. தரவுகளோடு பணியாற்றுவது என் பிழைப்பு என்பதால், பெரியவர் பென்சிலால் செய்வதை நான் கணினியில் செய்யத் தொடங்கினேன். வரும் பருவத்தில் ஒவ்வோர் அணியும் எத்தனை போட்டிகளில் வெல்லும் என்ற ஒற்றைக் கேள்விக்குள் எத்தனை கேள்விகள் ஒளிந்திருக்கின்றன என்பதை அந்தப் பழக்கம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது.

கட்டத்துக்குக் கட்டம் வெற்றி தோல்வி எழுதும் முறையில் உள்ள பிழையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓர் அணி தன் பன்னிரண்டு போட்டிகளிலும் எதிரணியைவிடச் சற்றே வலுவானது என்றும், ஒவ்வொரு போட்டியிலும் அது வெல்வதற்கான நிகழ்தகவு 60 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்வோம். பென்சில் முறைப்படி ஒவ்வொரு கட்டத்திலும் ‘டபிள்யூ’ விழும். ஆகவே பன்னிரண்டும் வெற்றி. ஆனால் 0.6ஐப் பன்னிரண்டு முறை கூட்டினால் கிடைப்பது 7.2 மட்டுமே. அந்த அணி பன்னிரண்டிலும் வெல்வது ஏறத்தாழ 460 பருவங்களுக்கு ஒருமுறை நடக்கக்கூடியது. தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு கணிப்பும் நியாயமாகத்தான் இருக்கிறது; சேர்த்துப் பார்க்கும்போது நம்பவே முடியாத ஒரு முடிவு வந்து நிற்கிறது. வெற்றி எண்ணிக்கை என்பது பின்னங்களின் கூட்டுத்தொகை என்று உணர்ந்த நாளில்தான் நான் இந்தக் கணக்கை ஒழுங்காகப் போடத் தொடங்கினேன்.

பின்னங்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், அணிகளின் வலிமையைப் புள்ளிகளில் மதிப்பிடுவதிலிருந்து வருகின்றன. பில் கானலி பல ஆண்டுகளாகக் கணித்துவரும் எஸ்பி பிளஸ் என்ற மதிப்பீட்டை இத்துறையில் அறியாதவர் இல்லை. பருவம் தொடங்குமுன் அவர் மூன்று பொருள்களைச் சேர்த்து அணியின் வலிமையைக் கணிக்கிறார்: சென்ற ஆண்டின் ஆட்டத்தில் எவ்வளவு பங்கு இந்த ஆண்டும் களத்துக்குத் திரும்புகிறது, அண்மைக் காலத்தில் பள்ளிகளிலிருந்து எத்தகைய வீரர்களைச் சேர்த்திருக்கிறார்கள், கடந்த சில ஆண்டுகளில் அணி எப்படி ஆடியிருக்கிறது. இரண்டு அணிகளின் மதிப்புகளைக் கழித்து, சொந்த மைதானத்தில் ஆடும் அணிக்கு இரண்டரைப் புள்ளி கொடுத்தால், அந்தப் போட்டியில் எத்தனை புள்ளி வித்தியாசம் எதிர்பார்க்கலாம் என்பது தெரியும். உண்மையில் நடப்பது அந்த எதிர்பார்ப்பைச் சுற்றிப் பரவிக் கிடக்கும்; அந்தப் பரவலின் அகலத்தை அளக்கும் திட்டவிலக்கத்தை நான் 16 புள்ளி என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி வைத்தால் மூன்று புள்ளி வலுவான அணிக்கு வெற்றி நிகழ்தகவு 57 விழுக்காடு, ஏழு புள்ளிக்கு 67, பதினான்குக்கு 81, இருபத்தொன்றுக்கு 90. இருபத்தொரு புள்ளி வலுவான அணிகூடப் பத்து முறைக்கு ஒருமுறை தோற்கும் என்பதை மனம் ஏற்றுக்கொள்ள எனக்கு நெடுநாள் பிடித்தது. பெரியவரிடம் சொன்னபோது, 1990களின் நெப்ராஸ்காவை நான் பார்த்ததில்லை என்பதைக் கனிவோடு நினைவூட்டினார்.

இந்தக் கணக்கு என்னைக் கைவிட்ட கதையை இனிச் சொல்கிறேன். அதைச் சொல்வதற்காகவே இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன்.

2021ஆம் ஆண்டு நெப்ராஸ்கா மூன்று போட்டிகளில் வென்று ஒன்பதில் தோற்றது. எண்ணைப் பார்த்தால் உதவாக்கரை அணி. ஆனால் அந்த மூன்று வெற்றிகளிலும் சேர்த்து அவர்கள் எதிரணிகளைவிட 119 புள்ளிகள் கூடுதலாக எடுத்தார்கள். ஒன்பது தோல்விகளிலும் சேர்த்து அவர்கள் பின்தங்கியது வெறும் 56 புள்ளிகள். ஒரு தோல்விகூட ஒன்பது புள்ளியைத் தாண்டவில்லை. மிச்சிகனிடம் மூன்று புள்ளியில், மிச்சிகன் ஸ்டேட்டிடம் கூடுதல் நேரத்தில் மூன்று புள்ளியில், ஓக்லஹோமாவிடம் ஏழில், ஓஹையோ ஸ்டேட்டிடம் ஒன்பதில், அயோவாவிடம் 21க்கு 6 என்று முன்னணியில் இருந்துவிட்டு ஏழில். மொத்தம் எடுத்த புள்ளி 335, கொடுத்த புள்ளி 272. பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வகுத்துத் தந்த சூத்திரமொன்று உண்டு. எடுத்த புள்ளியையும் கொடுத்த புள்ளியையும் அடுக்கேற்றி ஒப்பிட்டு, இந்தப் புள்ளிகளோடு ஓர் அணி சராசரியாக எத்தனை வென்றிருக்க வேண்டும் என்று அது சொல்லும். கால்பந்துக்கு வழக்கமாகக் கொள்ளும் 2.37 என்ற அடுக்கைப் போட்டுப் பார்த்தேன். கிடைத்தது ஏறக்குறைய ஏழரை வெற்றி. நடந்ததோ மூன்று.

இத்துறையில் எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. ஒரு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்குக் கொண்டுசேர்ப்பது) அளவு வித்தியாசத்தில், அதாவது எட்டுப் புள்ளிக்குள், முடியும் போட்டிகள் பெரும்பாலும் பகடை உருட்டலுக்கு ஒப்பானவை. ஓராண்டு அவற்றில் தொடர்ந்து தோற்ற அணி அடுத்த ஆண்டு நடுநிலைக்குத் திரும்பும், தொடர்ந்து வென்ற அணி கீழே இறங்கும். கீழே விழும் பந்தை எந்த அணி கைப்பற்றுகிறது என்பதும் அப்படியே. ஃபம்பிளான பந்து பாதிக்குப் பாதி எவர் கையிலும் சிக்கலாம். ஆண்டுதோறும் பருவ முன்னோட்ட இதழ் வெளியிட்டுவரும் ஃபில் ஸ்டீல், பந்தை இழப்பதிலும் கைப்பற்றுவதிலும் ஓராண்டு மிக மோசமாக இருந்த அணி அடுத்த ஆண்டு எழும் என்பதைத் தம் இதழின் அடிப்படைகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார். விதி பொய்யில்லை. டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம் 2021இல் 5-7, அதாவது ஐந்து வெற்றி, ஏழு தோல்வி; 2022இல் நெருக்கமான போட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்று 12-0 என்று வந்து தேசியப் பட்டப் போட்டிவரை போனது; 2023இல், அதே பயிற்சியாளரின் கீழ், மறுபடியும் 5-7. விதி சொன்னபடியே நடந்தது.

அந்த விதியை நம்பித்தான் 2022 ஆகஸ்டில் என் தாளில் நெப்ராஸ்காவுக்கு 7.6 என்று எழுதினேன். பெரியவரின் ஒன்பதுக்கு நான் அவ்வளவு அருகில் வந்தது அதுவே முதல் தடவை. அவர் மகிழ்ந்துபோனார். ஆகஸ்ட் 27, சனிக்கிழமை. முதல் போட்டி அயர்லாந்தின் டப்ளினில், நார்த்வெஸ்டர்னோடு. எங்களுக்குக் காலை பதினொன்றரை மணி. அவர் வீட்டு வரவேற்பறையில் நான்கைந்து பேர் கூடியிருந்தோம். என் மனைவி செய்து கொடுத்தனுப்பிய மசால் வடைத் தட்டு மேசையில் இருந்தது. மூன்றாம் கால் பகுதியில் நெப்ராஸ்கா 28-17 என்று முன்னேறியது. அடுத்து வழக்கம்போலப் பந்தை நெடுந்தொலைவு உதைத்து எதிரணியிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் பயிற்சியாளர் ஸ்காட் ஃப்ராஸ்ட் ஆன்சைடு கிக் அடிக்கச் சொன்னார். அதாவது, பந்தைக் கிட்டத்திலேயே தட்டிவிட்டுத் தன் அணியே அதை மீண்டும் கைப்பற்ற முயலும் உதை. பந்து நார்த்வெஸ்டர்ன் கையில் சிக்கியது. அங்கிருந்து ஆட்டம் திரும்பியது. 31-28 என்று தோற்றார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தோம். பெரியவர் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. ஒலியை மட்டும் குறைத்துவிட்டு நெடுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்ன் லிங்கனுக்கே வந்து 45-42 என்று வென்றது. மறுநாள் ஃப்ராஸ்ட் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பருவ முடிவில் 4-8.

ஒரு டச்டவுன் வித்தியாசத்துக்குள் முடிந்த போட்டிகளில் ஃப்ராஸ்ட் காலத்து நெப்ராஸ்காவின் கணக்கு 5 வெற்றி, 22 தோல்வி. நாணயத்தை 27 முறை சுண்டினால் ஐந்து முறை மட்டும் தலை விழுவது நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படி விழுந்தால் நாணயத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. பிற்பாடு 2021இன் போட்டிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்த்தபோது ஒரே வகைப் பிழை மீண்டும் மீண்டும் கண்ணில் பட்டது. மிச்சிகன் ஸ்டேட் போட்டியில், முன்னேற முடியாதபோது எதிரணியிடம் தொலைவாக உதைத்துவிடும் பன்ட் பந்து ஒரு பக்கம் போக, தடுக்க வேண்டியவர்கள் மறுபக்கம் ஓட, எதிரணி வீரர் அதைக் கோடுவரை கொண்டுபோய் ஆட்டத்தைச் சமன் செய்தார். ஓக்லஹோமா போட்டியில் டச்டவுனுக்குப் பிந்தைய உதை தடுக்கப்பட்டு, அந்தப் பந்தே எதிரணிக்கு இரண்டு புள்ளிகளாக மாறியது. அயோவா போட்டியில் தடுக்கப்பட்ட பன்ட் நேராக டச்டவுனாக முடிந்தது. உதைக்கும் பிரிவு பயிற்சியில் எவ்வளவு கவனம் பெற்றது என்பதன் விளைவு அது. அதைப் பகடையின் கணக்கில் எழுதிவிட்டு நடுநிலைக்குத் திரும்பும் என்று காத்திருந்தது என் தவறு.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். இந்தப் பழமொழியின் வலு எதில் இருக்கிறது என்பதை அப்போதுதான் யோசித்தேன். பானை முழுவதும் ஒரே நெருப்பில், ஒரே தண்ணீரில் வெந்தது என்பதால்தான் ஒரு பருக்கை மொத்தத்துக்கும் சாட்சி சொல்கிறது. கால்பந்து அணியின் பன்னிரண்டு போட்டிகளிலும் அப்படி ஒரு பானை இருக்கிறது. பயிற்சியாளர், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக், முன்வரிசையின் பலம், உதைக்கும் பிரிவின் ஒழுங்கு எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு போட்டியிலும் தனித்தனியாக உருளும் பகடையும் இருக்கிறது. கணிப்பவன் பானையைப் பற்றித் தவறாக நினைத்திருந்தால் பன்னிரண்டு கட்டங்களும் ஒரே திசையில் தவறும். சற்று முன்பு சொன்ன 60 விழுக்காட்டு அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வலிமையை நான் ஏழு புள்ளி கூடுதலாக மதிப்பிட்டிருந்தால், உண்மையான எதிர்பார்ப்பு 7.2 அல்ல, 5.1. ஏழு புள்ளி குறைவாக மதிப்பிட்டிருந்தால் 9. ஏழு புள்ளி என்பது ஆகஸ்டில் ஒருவர் எளிதில் செய்துவிடக்கூடிய பிழை. பகடைக்கும் பானைக்கும் சேர்த்து இடம் விடாத எந்த முன்கணிப்பும் தேவைக்கு மேல் தன்னம்பிக்கை கொண்டது.

இப்போது என் வேலையில் பெரும்பங்கு, கண்முன் இருக்கும் எண் பானையைச் சேர்ந்ததா பகடையைச் சேர்ந்ததா என்று பிரித்துப் பார்ப்பதிலேயே போகிறது. சில இடங்களில் அது தெளிவாகத் தெரியும். 2023இல் நெப்ராஸ்கா புதிய பயிற்சியாளர் மாட் ரூலின் கீழ் ஐந்து வெற்றி, மூன்று தோல்வி என்று இருந்தது. ஆறாவது வெற்றிக்கு நான்கு வாய்ப்புகள் மீதமிருந்தன. 20-17, 13-10, கூடுதல் நேரத்தில் 24-17, மறுபடியும் 13-10 என்று நான்கிலும் தோற்றது. கடைசித் தோல்வி லிங்கனிலேயே, அயோவாவின் 38 கெஜ ஃபீல்டு கோல் (மூன்று புள்ளி தரும் உதை) கடிகாரம் முடியும்போது கம்பங்களுக்கு நடுவே போனதால் வந்தது. அடுத்த ஆண்டு அயோவா சிட்டியில் அதே அயோவா, அதே 13-10, அதே கடைசி நொடி ஃபீல்டு கோல்; இம்முறை 53 கெஜத்திலிருந்து. ஐம்பத்து மூன்று கெஜ உதை கல்லூரி வீரருக்குச் சுலபமானதல்ல. அந்த இரண்டு உதைகளில் ஒன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தாலும் என் கணிப்பு சரியா தவறா என்ற பேச்சே மாறியிருக்கும். அவற்றை நான் தயங்காமல் பகடையின் பக்கம் எழுதினேன். 2024இல் அந்தத் தோல்வியோடும் ஆறு வெற்றிகள் கிடைத்து, எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு அணி பௌல் ஆடப் போனது. அங்கு பாஸ்டன் கல்லூரியை 20-15 என்று வென்றது.

வேறு சில இடங்களில் இந்தப் பிரிவினை எவர் கண்ணிலும் மண்ணைத் தூவிவிடும். ஃப்ளோரிடா ஸ்டேட் 2023இல் தன் கான்ஃபரன்ஸின், அதாவது தான் சேர்ந்த அணிக் குழுமத்தின், பட்டப் போட்டிவரை 13-0. அதன் குவார்ட்டர்பேக் கால் முறிந்து விழுந்ததால், தோல்வியே காணாத அந்த அணியை நான்கு அணிகளின் பட்டத் தொடரில் சேர்க்கவில்லை. அது அநியாயம் என்று அன்று நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பல வீரர்கள் விலகிக்கொண்ட ஆரஞ்சு பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். 2024 ஆகஸ்டில் அவர்களுக்கு, செய்தியாளர்கள் வாக்களிக்கும் ஏபி தரவரிசையில் பத்தாம் இடம். தங்கள் கான்ஃபரன்ஸை வெல்லக்கூடிய அணியாக ஊடகத்தினர் முன்மொழிந்ததும் அவர்களையே. முதல் போட்டி அதே டப்ளினில், ஜார்ஜியா டெக்கோடு. கடைசி நொடி ஃபீல்டு கோலில் 24-21 என்று தோற்றார்கள். நான் பகடை என்று எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பாஸ்டன் கல்லூரியிடம் 28-13, பிறகு மெம்பிஸிடம் 20-12, நவம்பரில் நோட்டர் டேமிடம் 52-3. பருவ முடிவில் 2-10. டப்ளினில் நான் பகடை என்று நினைத்தது பானையின் முதல் பருக்கை. மூன்று புள்ளித் தோல்வி என்ற எண்ணைப் பார்த்தேனே தவிர, அதற்குள் அவர்களுடைய முன்வரிசை ஆட்டம் முழுவதும் பின்னுக்குத் தள்ளப்பட்டதை நான் போதிய அளவு பார்க்கவில்லை.

அதே ஆண்டில் எதிர்த்திசையில் நடந்தது இந்தியானா. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் தோல்விப் பட்டியலில் முன்னணியில் நின்ற பெயர் அது. அதுவரை ஒரு பருவத்தில் ஒன்பதுக்கு மேல் வென்றதே கிடையாது. 2023இல் 3-9. ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்தில் 11-1 என்று முடித்த கர்ட் சிக்னெட்டி பயிற்சியாளராக வந்தார். அவரோடு அவருடைய பழைய வீரர்கள் பதின்மூன்று பேர் வந்தார்கள். ஒஹையோ பல்கலைக்கழகத்திலிருந்து அனுபவமிக்க குவார்ட்டர்பேக் ஒருவரும் வந்தார். பதினெட்டு அணிகள் கொண்ட பிக் டென் கான்ஃபரன்ஸில் பதினேழாம் இடம் என்று பருவ முன்கணிப்பு சொன்னது. என் தாளில் 5.6. அவர்கள் பன்னிரண்டு போட்டிகளை 11-1 என்று முடித்தார்கள். அடுத்த ஆண்டு, பட்டத் தொடர்ப் போட்டிகளையும் சேர்த்து, 16-0 என்று தேசியப் பட்டத்தையே வென்றார்கள்.

என்னை மிகவும் யோசிக்கவைத்த அணி இதுதான். பானையின் மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்துவிட்டு உள்ளே இருப்பது பழைய அரிசி என்று நம்பிவிட்டோம். 2018 அக்டோபரில், கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021இல், ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வீரர் ஓராண்டு காத்திருக்க வேண்டாம் என்று விதி தளர்ந்தது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயராலும் புகழாலும் பணம் ஈட்ட அனுமதி கிடைத்தது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வருவாயில் பங்கு தரத் தொடங்கின. இவற்றுக்கு முன் ஓர் அணியின் சென்ற ஆண்டுத் தரம் இந்த ஆண்டுத் தரத்துக்கு நல்ல வழிகாட்டியாக இருந்தது, ஏனெனில் பெரும்பாலும் அதே பையன்கள் ஒரு வயது கூடி வந்து ஆடினார்கள். இப்போது டிசம்பரில் ஓர் அணி, ஆகஸ்டில் இன்னோர் அணி. 2023இல் கொலராடோ ஐம்பதுக்கு மேற்பட்ட புதியவர்களோடு களமிறங்கி, முந்தைய பருவத்தின் தேசிய இறுதிப் போட்டியில் ஆடிய டெக்சஸ் கிறிஸ்டியனை முதல் வாரத்தில் 45-42 என்று வென்றது; அக்டோபரில் ஸ்டான்ஃபோர்டுக்கு எதிராக இடைவேளையில் 29-0 என்று முன்னணியில் இருந்துவிட்டுத் தோற்றது; முடிவில் 4-8. முந்தைய ஆண்டின் 1-11ஐ விட மேல்தான், ஆனால் அந்த முதல் சனிக்கிழமையைப் பார்த்தவர் எவரும் நான்கு என்று சொல்லியிருக்க மாட்டார்.

ஆகவே நான் இரண்டு மாற்றங்கள் செய்தேன். திரும்பி வருபவர்களின் பங்கைக் கணக்கிடும்போது, வேறு கல்லூரியில் ஆடிவிட்டு வருபவரின் அனுபவத்தையும் அவர் எந்தத் தரத்து எதிரணிகளோடு ஆடினார் என்பதற்கேற்பச் சேர்க்கிறேன். பயிற்சியாளரும் வீரர்களும் ஒன்றாக இடம்பெயர்ந்தால் அதற்குக் கூடுதல் எடை. மற்றொன்று, புதிய பயிற்சியாளரும் பாதிக்கு மேல் புதிய முகங்களும் உள்ள அணிக்குச் சராசரி எண்ணைப் பெரிதாக மாற்றுவதில்லை, பரவலை விரிக்கிறேன். முன்பு ‘5.6’ என்று எழுதிய இடத்தில் இப்போது ‘5.6, ஆனால் இரண்டும் ஒன்பதும் வியப்பல்ல’ என்று எழுதுகிறேன். அணியின் வெற்றிகள் இதற்கு மேலா கீழா என்று பந்தயம் கட்டச் சூதாட்ட நிறுவனங்கள் தரும் ஏழரை, ஒன்பதரை போன்ற எல்லைகளில் இந்தப் பரவல் தெரியாது. சரிசமமாக ஒன்பதில் முடிந்து பந்தயம் வீணாகக் கூடாது என்பதற்காகவே அந்த அரையைச் சேர்க்கிறார்கள். 2018 மே மாத உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் பல மாநிலங்களில் இந்தப் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. நான் பந்தயம் கட்டுவதில்லை. பத்தொன்பது வயதுப் பையனின் தவறிய உதைமேல் பணம் வைக்க என் மனம் ஒப்பவில்லை. ஆனால் அந்த எல்லைகளை மதித்துப் படிக்கிறேன், ஏனென்றால் பலருடைய கவனமான கணிப்பு அவற்றுக்குள் இருக்கிறது.

எந்த மாற்றமும் பிடித்துவைக்க முடியாத ஒன்று இன்னும் மீதமிருக்கிறது. பகடையே பானையை மாற்றிவிடும் நிகழ்வு அது. 2025 ஆகஸ்டில் பென் ஸ்டேட் நாட்டின் இரண்டாம் இடத்தில் இருந்தது. மூன்று போட்டிகளை வென்ற பின் ஆரிகனிடம் இரண்டாம் கூடுதல் நேரத்தில் 30-24 என்று தோற்றது. அது பகடைத் தோல்வி என்றுதான் எந்தக் கணக்கும் சொல்லும். ஆனால் ஏழே நாளில், அதுவரை நான்கிலும் தோற்றிருந்த யூசிஎல்ஏ அவர்களை 42-37 என்று வீழ்த்தியது. அடுத்த வாரம் நார்த்வெஸ்டர்ன் 22-21. அத்தோடு பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் நீக்கப்பட்டார். பருவ முடிவில் 6-6. ஆரிகனோடு ஆடிய அணியும் யூசிஎல்ஏவோடு ஆடிய அணியும் பெயரளவில் ஒன்று. அதே பருவத்தில் நெப்ராஸ்கா ஆறு வெற்றி, இரண்டு தோல்வி என்று நவம்பர் முதல் நாளைத் தொட்டது. அன்று யூஎஸ்சியோடு நடந்த போட்டியில் குவார்ட்டர்பேக் டிலன் ரயோலாவின் கால் எலும்பு முறிந்தது. 21-17 என்று அந்தப் போட்டியையும், பின்னர் பென் ஸ்டேட், அயோவா போட்டிகளையும் இழந்து 7-5 என்று முடிந்தது. ரயோலா இப்போது ஆரிகனுக்குப் போய்விட்டார். ஆகஸ்டில் நான் நெப்ராஸ்காவுக்குப் போட்டிருந்த எண் 7.3. எண்ணைப் பார்த்துப் பெரியவர் பாராட்டினார். எட்டுப் போட்டிவரை அது தவறாக இருந்தது என்பதையும், ஒரு பையனின் எலும்பு முறிந்ததால்தான் அது சரியாயிற்று என்பதையும் அவரிடம் சொன்னேன். அந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இந்த ஆண்டு அட்டவணை வந்தவுடன் அவர் என்னையும் மேசைக்கு அழைத்தார். பதினொரு கட்டங்களை அவர் வழக்கப்படி நிரப்பினார். நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை, அயோவா சிட்டியில் ஆட வேண்டிய கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பென்சிலை நிறுத்தி, என் கணினி என்ன சொல்கிறது என்று கேட்டார். 0.38 என்றேன். கட்டத்தின் மூலையில் மிகச் சிறிய எழுத்தில் 0.38 என்று குறித்துக்கொண்டார். பிறகு நடுவில், மற்ற கட்டங்களில் இருப்பதைவிடச் சற்றுப் பெரிதாக, ‘டபிள்யூ’ என்று எழுதி, அட்டையை ஃபிரிட்ஜின் கதவில் பழைய இடத்திலேயே ஒட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார்.